கும்மிடிப்பூண்டி பாம்பர்

ஈஸ்வரி போட்ட அலறலில் வெளியே டீக்கடையே காலியானது.

டீ குடித்துவிட்டு ஷெட்டுக்கு முதலில் திரும்பியவள், ரிவெட் அடிக்கும் ஈஸ்வரிதான்.

விமானத்தின் வயிற்றுக்கு நேர் கீழே டிசைனர் ஜெரால்ட் விழுந்து கிடந்தான். நெற்றியில் ரத்தம்...

பக்கத்தில், பச்சை பெயின்ட் அடித்த ஒரு குண்டு!

பயப்பட வேண்டாம். சிப்காட் தொழிற்பேட்டையில் இருந்த அந்த ஷெட்டில், ஒரு சினிமாவுக்காக இரண்டாம் உலகப் போர் காலத்துக் குண்டுவீச்சு விமானம் அசல் அளவிலேயே தயாராகிக்கொண்டிருந்தது. நூறடி இறக்கை. நாலு எஞ்சின் கூடு. உள்ளே எஞ்சின் கிடையாது. சக்கரங்கள் லாரியுடையவை. குண்டுகளை மட்டும் சினிமா கம்பெனி மேனேஜர் ரகு, தன் ஆட்களோடு வந்து முந்தின நாள் மாட்டிவிட்டுப் போயிருந்தான். அத்தனையும் தெர்மோகோல் என்றான்.

ஜெரால்டுக்கு மூச்சு இருந்தது. நினைவு இல்லை. ஆம்புலன்ஸ் அள்ளிக்கொண்டு போனது.

இன்ஸ்பெக்டர் சுமலதா வந்ததும் ஆளாளுக்கு ஒரே பெயரைச் சொன்னார்கள்.

ஷெட் முதலாளி ஆதிகேசவன்!

ஜெரால்டைத் தவிர, டீக்கு வெளியே போகாதவர் அவர் ஒருவர்தான். பின்பக்கம் கம்ப்ரஸர் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை என்றார். துப்பாக்கிக் கூண்டு சுழல வேண்டும், குண்டுக் கதவு நிஜமாகவே திறக்க வேண்டும் என்று ஜெரால்ட் வரைபடத்தை மாற்றிக்கொண்டே இருந்தான். இறக்கையைத் திரும்பத் திரும்பப் பிரித்து மாட்டிய ஆதிகேசவன், அன்று காலை எல்லார் எதிரிலும் கத்தியிருந்தார்.

"இன்னான்னு கத்துனீங்க?" என்றாள் சுமலதா.

ஆதிகேசவன் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"இன்னொரு தபா வரைஞ்சினு வந்தா, ஒன்ன ரெக்கைக்குள்ள வச்சி ரிவெட் அட்ச்சிருவேன்னு சொன்னேன் மேடம்... பேஜாருல சொன்னது. அவன் எனக்குப் புள்ள மாதிரி."

"புள்ளைய இன்னாத்துல அடிச்சீங்க?"

அவர் அழ ஆரம்பித்தார்.

சுமலதாவுக்கு எரிச்சல். வழியில் கிடந்த தெர்மோகோல் குண்டை ஓர் உதை விட்டாள்.

"அம்மா...!"

குண்டு அசையவில்லை. கட்டைவிரல் வீங்கியது.

ஈஸ்வரி குனிந்து ஸ்க்ரூ டிரைவரால் பெயின்ட்டைச் சுரண்டினாள். உள்ளே ரத்தச் சிவப்பு.

செம்மரம்!

ஆந்திரக் காட்டில் வெட்டியது. கடைசலில் கொடுத்துக் குண்டாக்கி, வெளிநாட்டுப் படப்பிடிப்பு என்ற பெயரில் விமானத்தோடு கப்பலேற்றத் திட்டம்.

சுமலதா ஆதிகேசவனையே விட்டு ரகுவுக்குப் போன் போட வைத்தாள். குண்டுகளைக் கழற்றி வெளியே வீசியாகிவிட்டது என்று மட்டும் சொல்லச் சொன்னாள். கவரைப்பேட்டையில் பிரியாணி தின்றுகொண்டிருந்த ரகு, கைகூடக் கழுவாமல் வந்து சேர்ந்தான். அந்தக் கைக்கே விலங்கு விழுந்தது.

செம்மரத்தை ஒப்புக்கொண்டான். ஜெரால்டைத் தொடவே இல்லை என்று சத்தியம் செய்தான். ஒருவரும் நம்பவில்லை. குட்டு தெரிந்துபோனதால் அடித்திருக்கிறான்... கொலை முயற்சி வழக்கு உறுதி என்று சுமலதா முடிவு கட்டினாள்.

மாலையில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஜெரால்ட் கண் திறந்தான். தலையில் தையல். தோளில் பெரிய கட்டு. ஆதிகேசவன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"எத்தினி தபா வேணாலும் வரைஞ்சிக்கோ நைனா. நான் பிரிக்கிறேன்" என்றார்.

சுமலதா கட்டிலருகே நொண்டிக்கொண்டு வந்தாள்.

"அட்ச்சது ரகுதானே?"

"யாருமே அடிக்கல மேடம்."

குண்டை விடுவிக்கும் கொக்கி ஒழுங்காகத் திறக்கிறதா என்று பார்க்க, கீழே நின்றபடியே கம்பியை இழுத்திருக்கிறான். தெர்மோகோல்தானே என்று இரண்டு கையையும் நீட்டிப் பிடிக்கவும் போயிருக்கிறான்!

சுமலதா அவனை முறைத்தாள். கையில் இருந்த கொலை முயற்சி வழக்கு கண்ணெதிரே காற்றில் போய்க்கொண்டிருந்தது.

ஜெரால்ட் வீங்கிய உதட்டோடு சிரித்தான்.

"பறக்காத ப்ளேனுதான் மேடம்... ஆனா, குறி தப்பல பாத்தீங்களா?"