இடது முட்டி, குப்பம்மாள்

யாரும் படுக்காத மேஜையில் ஒரு கால் கிடப்பதாகத் திரை காட்டியது.

திண்டிவனத்து மருத்துவமனையில் பகல் பதினோரு மணி. முட்டி மாற்று ஆபரேஷனுக்கு அளவு காட்டும் கம்ப்யூட்டரை ஓட்டுகிற சவுரிராயன், கேமராவைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். நோயாளியின் எலும்பில் முளை அடித்து மாட்டும் வெள்ளை உருண்டைகளைக் கண்டால்தான் அது காலை வரையும். உருண்டைகளோ பிரிக்காத டப்பாவில், அவன் கையிலேயே இருந்தன. மருந்து நெடிக்கு நடுவே ஈர மண்ணும் பச்சை மல்லாட்டைக் கடலையும் கலந்த வாடை வந்தது.

"சிஸ்டர், பேஷண்ட கூட்டிக்கினு வந்துட்டீங்களா?"

"இன்னும் வார்டுலதான் சார் கீறாங்க," என்ற நர்ஸ் வெனிலாவின் குரலோடு கதவு சாத்திக்கொண்டது.

திரையின் மூலையில் பெயர் இருந்தது. குப்பம்மாள், வல்லம், இடது முட்டி.

போன தை மாதம் டாக்டர் ஜல்தி ஜல்தி என்று பறந்தபோது, முந்தைய நோயாளியின் அளவையே இவளுக்கும் ஏற்றியவன் அவன்தான். 'அளவு பொருந்தவில்லை, தொடரலாமா?' என்று திரை கேட்டது. 'சரி' என்று அழுத்தினான். "கால் கோணிக்கினு போவுதுப்பா, மல்லாட்ட புடுங்கக் குந்த முடியல" என்று பிறகு அவள் வந்து அழுதபோது, "கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதும்மா" என்று சிரித்தும் அனுப்பினான். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அந்தக் கால் மடங்கி, பின்னால் வந்த பஸ்ஸின் சக்கரத்தில் விழுந்து செத்தாள். சாவுக்குக்கூட அவன் போகவில்லை, பாவி.

திரையில் கால் மேஜையை விட்டு இறங்கியது. தரையில் ஒரு பாதம் ஊன்றும் சத்தம். இன்னொன்று இழுபடும் சத்தம். கேமரா அதன் கூடவே மெல்லத் திரும்பி, அவனைப் பார்த்து நின்றது.

"டாக்டர்தாம்மா அவசரப்படுத்துனாரு. நான் இன்னா பண்ணுவேன்?"

பெயர் மாறியது. சவுரிராயன், இடது முட்டி.

ஓடப் பார்த்தான். கால் அசையவில்லை. தொடையில் ஒரு முளை இறங்கியது. முழங்காலுக்குக் கீழே இன்னொன்று. எலும்பு வரை.

திரையில் அவன் எலும்பு தெரிந்தது. அதன்மேல் குப்பம்மாளின் அளவு வந்து உட்கார்ந்தது. முட்டிக்குக் குறுக்கே கோணலாக ஒரு சிவப்பு வெட்டுக்கோடு.

அளவு பொருந்தவில்லை, தொடரலாமா?

தட்டில் இருந்த ரம்பம் தானாக எழுந்து உறுமியது. 'சரி' என்ற பொத்தானின் மேல், செம்மண் ஒட்டிய விரல் தடம் ஒன்று ஈரமாகப் பதிந்தது.