ஏழாம் நம்பர் கட்டில்

போன் அலறியது!

இன்ஸ்பெக்டர் ரிசீவரை எடுத்தாள்.

"ஹலோ, போலீஸ் ஸ்டேஷன்..."

"மேடம்! என் வீட்டுக்காரரைக் கடத்திட்டாங்க மேடம்!"

மறுமுனையில் ஒரு பெண் ஒப்பாரி வைத்தாள்.

"அழாதீங்கம்மா. யார் உங்க வீட்டுக்காரர்?"

"என்ன மேடம் இப்படிக் கேக்கறீங்க! ஊர்ச் சுவர் பூரா அவர் மூஞ்சிதானே!"

இன்ஸ்பெக்டருக்குப் புரிந்துவிட்டது.

மைக்!

வார்டு தேர்தலில் நிற்கும் வேட்பாளர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. பிடித்த மைக்கை விட்டதில்லை என்பதால் ஊர் வைத்த பெயர் இது. இன்னும் மூன்று நாளில் ஓட்டுப்பதிவு. 'வெளி மாநிலத்தானே, வெளியேறு! வாடகை தானாக இறங்கும்!' என்பதுதான் அவருடைய ஒரே பேச்சு.

போன தேர்தலில் இதே ஆட்களை 'வருக வருக' என்று லாரியில் ஏற்றிக் கூட்டம் காட்டியவர்தான். இப்போது அவர்களுக்கும் இங்கே ஓட்டு வந்துவிட்டது. அது தனக்கு விழாது என்று தெரிந்ததும் மனிதர் நாக்கைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்!

ஏட்டு மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

"மேடம், மைக்கை நேத்து காலையிலேர்ந்து காணோம். செல்போன் சிக்னல் பவுண்டரித் தெருவுல காட்டுது. வெளி மாநிலத்துப் பசங்க தங்கியிருக்காங்களே, அந்த மாடி வீடு!"

"இது நமக்குள்ள இருக்கட்டும்."

ஏட்டு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"யார்கிட்ட உளறினீங்க ஏட்டய்யா?"

"அவர் கட்சிக்காரங்க ரொம்ப அழுதாங்க மேடம்... மனசு கேக்கல..."

"ஜீப்பை எடுங்க!"

பவுண்டரித் தெருவில் பகல் இரண்டு மணி வெயில் கொளுத்தியது. வீட்டுக்கு வீடு அட்டை தொங்கியது. 'தனி ஆட்களுக்கு மட்டும்.'

"முன்னெல்லாம் கல்யாணம் ஆகாதவனுக்கு வீடு கிடையாதும்பாங்க மேடம். இப்ப குடும்பத்துக்குக் கிடையாதாம்!"

"குடும்பம்னா ஒரே வாடகை. தனி ஆளுன்னா தலைக்குத் தலை வாங்கலாமில்ல?"

மாடி வீட்டு வாசலில் ஒருவன் காத்திருந்தான். பவுண்டரியில் இரும்பை உருக்கி வார்ப்பு ஊற்றுகிறவன். நிலைப்படியில் குனிந்துதான் நுழைய வேண்டிய உயரம். அதனால் நெட்டை. ஆறு வருடத்தில் இந்த ஊர்ப் பேச்சை வசவுகள் உட்படக் கற்றுக்கொண்டவன்.

"மேடம், எங்களைக் கொளுத்தப் போறாங்களாம்! டீக்கடையில பேசிக்கறாங்க. பெட்டி, துணிமணி, ஓட்டு கார்டு எல்லாம் உள்ளதான் இருக்கு. முப்பத்தாறு பேர் மேடம்! எங்கே போவோம்?"

அவ்வளவு பெரிய உடம்பு நடுங்குவதைப் பார்க்க இன்ஸ்பெக்டருக்கே சங்கடமாக இருந்தது.

"மைக் எங்கே?"

"சத்தியமா தெரியாது மேடம். உள்ள வந்து நீங்களே பாருங்க... ஆனா மெதுவா பேசுங்க."

"ஏன்?"

"தூங்கறாங்க."

உள்ளே ஒரே நீள அறை. பன்னிரண்டு கட்டில்கள். ஒவ்வொன்றிலும் ஒரு போர்வை மூட்டை. அறை பூரா குறட்டை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்திருந்தார்கள்.

"பன்னிரண்டு கட்டில்ல முப்பத்தாறு பேர் எப்படிய்யா?" ஏட்டு கிசுகிசுத்தார்.

"ஒரு கட்டிலுக்கு மூணு ஷிப்ட் சார். ஒருத்தன் எழுந்து வேலைக்குப் போவான், இன்னொருத்தன் வந்து படுப்பான். கட்டில் சூடு ஆறவே ஆறாது."

"முகத்தைப் பார்க்கணும். எல்லாரையும் எழுப்பு."

நெட்டை பதறிவிட்டான்.

"அது மட்டும் கூடாது மேடம்! தூங்கறவனை எழுப்பக் கூடாதுங்கறது எங்க சட்டம். போன வருஷம் விளையாட்டுக்கு ஒருத்தனை எழுப்பினோம். அன்னைக்கு ஷிப்ட்ல தூக்கக் கலக்கத்துல பிரஸ் மிஷின்ல கையை விட்டுட்டான். ரெண்டு விரல் போச்சு!"

இன்ஸ்பெக்டர் யாரையும் எழுப்பவில்லை. கட்டில் கட்டிலாக நடந்தாள். போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த கால்களை டார்ச் அடித்துப் பார்த்தாள்.

கறுத்த கால்கள். வெடித்த குதிகால்கள். தீப்பொறி பட்ட தழும்புகள்.

ஏழாம் நம்பர் கட்டிலில் டார்ச் நின்றது.

வழவழவென்று இரண்டு பாதங்கள்! அளவாக வெட்டிய நகங்கள்!

குறட்டை இல்லை. அசைவு இல்லை.

"மேடம்..." ஏட்டு ஓரடி பின்வாங்கினார். "பி... பிணமா?"

இன்ஸ்பெக்டர் உதட்டில் விரலை வைத்தாள். நெட்டையை வராந்தாவுக்கு இழுத்து வந்தாள்.

"ஏழுல படுத்திருக்கறது யார்?"

"காலை ஷிப்ட் ஆள் மேடம்."

வராந்தா மூலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் திரும்பினான்.

"காலை ஷிப்ட் நான்தானே? வேலை முடிஞ்சு இப்பதான் வர்றேன். கட்டில்ல இருக்கறது ராத்திரி ஷிப்ட் ஆளு."

மொட்டை மாடிப் படியிலிருந்து பாயோடு இறங்கியவன் திகைத்தான்.

"ராத்திரி ஷிப்ட் நானு! நேத்தும் வந்து பார்த்தேன், இன்னைக்கும் வந்து பார்த்தேன்... மூடிப் படுத்திருந்தான். பாவம், ஏதோ காய்ச்சல்னு நினைச்சு மாடியில படுத்தேன்."

"அதையேதான் நானும் நினைச்சேன்!" என்றான் பல் தேய்த்தவன்.

"மூணாவது ஆள்?" இன்ஸ்பெக்டர் கேட்டாள்.

"மதிய ஷிப்டுக்குப் போயிருக்கான் மேடம். நேத்து அவனும் தரையிலதான் படுத்தான்... ஐயோ! அப்ப உள்ள இருக்கறது யாரு?"

மூன்று பேர் கட்டில். நாலாவதாக ஒருவன். ஒரு நாளைக்கு மேலாக ஒருவரும் போர்வையைத் தொடவில்லை!

அதே நேரம் தெருமுனையில் கூச்சல் எழுந்தது.

"வெளியேறு! வெளியேறு!"

ஐம்பது பேர் இருக்கும். முன்னால் தையல்கார அக்கா, கையில் மண்ணெண்ணெய் கேன். பதினாலு வருடமாக இதே வீட்டின் கீழ்ப் போர்ஷனில் குடியிருப்பவள். மாசக் கடைசிக்குள் காலி செய்யும்படி புரோக்கர் நோட்டீஸ் கொடுத்துவிட்டான். தையல் மிஷினைக்கூட ஏற்கெனவே அப்புறப்படுத்திவிட்டாள். ஓனர் வெளிநாட்டில் இருக்கிறாராம். யாரும் பார்த்ததில்லை. பார்க்க முடியாத ஓனரை விட்டுவிட்டுப் பார்க்க முடிந்த நெட்டையிடம் கோபத்தைக் காட்ட வந்திருந்தாள்.

"மேடம், நாம ரெண்டே பேர்!" ஏட்டுக்கு வியர்த்தது.

"ஸ்டேஷனுக்கு போன் போட்டுட்டேன். வர பத்து நிமிஷம் ஆகும். என்கூட வாங்க. நான் என்ன சொன்னாலும் மூஞ்சியைச் சாதாரணமா வச்சுக்கோங்க."

இன்ஸ்பெக்டர் உள்ளே போனாள். ஏழாம் நம்பர் கட்டிலருகே நின்று குரலை உயர்த்தினாள்.

"ஏட்டய்யா! ஐம்பது பேரை நம்மால தடுக்க முடியாது. பசங்களை எழுப்பிப் பின்வழியா அனுப்புங்க. கொளுத்தறவன் கொளுத்திட்டுப் போகட்டும்!"

"மேடம், வீடு...?"

"எவன் வீடோ! எரிஞ்சா நமக்கென்ன? பழைய மர உத்தரம்... கால் மணியில சாம்பல்!"

போர்வை அசைந்தது.

"அதோ, கேனைத் திறந்துட்டாங்க! தீப்பெட்டியும் எடுத்தாச்சு!"

அவ்வளவுதான்!

போர்வை பறந்தது. பிஸ்கட் பாக்கெட்டுகள் சிதறின. கட்டிலிலிருந்து துள்ளிக் குதித்த உருவம் ஜன்னல் துணியைக் கிழித்தது.

மைக்!

உயிருக்குப் பயந்து ஓடுவார் என்றுதான் இன்ஸ்பெக்டர் எதிர்பார்த்தாள். மனிதர் ஓடவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவே கிடுகிடுக்கக் கத்தினார்.

"டேய்! கொளுத்தாதீங்கடா! இது என் வீடுடா!"

'வெளியேறு' கோஷம் பாதியில் நின்றது.

இன்ஸ்பெக்டருக்கே வாய் பிளந்துவிட்டது.

தையல்கார அக்கா கேனைக் கீழே வைத்தாள். நிதானமாக நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னண்ணே சொன்னீங்க... உங்க வீடா?"

"அ... அது... வந்து..."

"எனக்கு நோட்டீஸ் விட்ட வெளிநாட்டு ஓனர் நீங்கதானா?"

"தங்கச்சி, நான் கடத்தப்பட்டவன்! இந்தப் பசங்கதான் என்னை..."

"கடத்தினவன் கிரீம் பிஸ்கட் வாங்கிக் குடுப்பானா சார்?" நெட்டை தரையைக் காட்டினான். "ஷிப்ட் மாறுற நேரம் பார்த்து உள்ள வந்து படுத்துட்டீங்க! எங்ககிட்ட யாரும் யாரையும் எழுப்ப மாட்டாங்கன்னு உங்க புரோக்கர் சொல்லியிருப்பான்!"

"நாளைக்குக் கிழிஞ்ச சட்டையோட வெளியே வந்து மைக் பிடிக்கிற திட்டம், இல்லையா?" இன்ஸ்பெக்டர் கேட்டாள். "அதுக்குத்தானே செல்போனை ஆன்லயே வச்சிருந்தீங்க?"

மைக் வாழ்நாளில் முதல் தடவையாகப் பேச்சில்லாமல் நின்றார்.

கீழே கூட்டம் கணக்குக் கேட்க ஆரம்பித்தது.

"எங்க வீட்டுக்கும் அதே புரோக்கர்தான்!"

"என் வாடகையை வருஷத்துல மூணு தடவை ஏத்தினது இவர்தானாடா!"

"ஏறுறது அவங்களால, இறக்குறது நான்னு மேடையில என்னமா அழுதான்!"

செருப்புகள் பறந்து வந்தன. எல்லாமே உள்ளூர்ச் செருப்புகள்!

பின்வாசலில் ஜீப் உறுமியது. மைக்கை நடுவில் போட்டு, புகார் எழுதிக் கொடுக்க நெட்டையையும் ஏற்றிக்கொண்டு ஏட்டு கியரைத் தட்டினார்.

மைக் கைகூப்பினார்.

"மேடம், கேஸ் போடுங்க, கம்பி எண்ணிட்டு வர்றேன். ஆனா அதுக்கப்புறம் இந்த ஊர்ல என்னை உயிரோட விடமாட்டாங்க. பேசாம பக்கத்து மாநிலத்துக்கே போயிடறேன். தம்பி, உங்க ஊர்ல ஒரு சின்ன ரூம் கிடைக்குமா?"

"வேண்டாம் சார்!" நெட்டை அவசரமாகத் தலையாட்டினான்.

"ஏம்ப்பா?"

"இங்க வாடகை கட்டுப்படியாகாம உங்க ஆளுங்க பாதிப் பேர் எங்க ஊர்லதான் குடியேறியிருக்காங்க. அதனால அங்க இப்ப வாடகை எகிறிடுச்சு... எங்க சித்தப்பாவே 'வெளியேறு'ன்னு மைக்கைப் பிடிச்சுட்டார் சார்!"