இறங்காத டிரைவர்

லாட்ஃபிராவ் சாலை அடுக்குமாடிக்கு மெக்கானிக் தோங் வந்து சேர்ந்தபோது காலை பத்து மணி. இரண்டு மாதத்தில் இது நான்காவது முறை. தள்ளுவண்டியில் இருந்த புது பேட்டரியைப் பார்த்ததுமே காவலாளி பெயர்கூடக் கேட்காமல் கம்பியைத் தூக்கிவிட்டான்.

மூன்றாம் அடித்தளத்தில், தூணோரமாக, கம்போனின் கறுப்பு ஜெர்மன் கார் நின்றது. ஒரு வீட்டின் விலை கொடுத்து வாங்கியது. கிட்டே போனால் தானே கதவைத் திறந்து, விளக்கேற்றி வரவேற்கிற ஜாதி. இப்போது கட்டை மாதிரிக் கிடந்தது. பக்கத்தில் இடுப்பில் கை வைத்தபடி கம்போன் நின்றான்.

"மறுபடியுமா முதலாளி?"

"மறுபடியும்தான். நீ வைக்கிறது கார் பேட்டரியா, டார்ச் லைட் பேட்டரியா?"

"குடத்துல ஓட்டைய வச்சுக்கிட்டுக் கிணத்தத் திட்டுனா எப்படி?" என்றான் தோங். "இன்னிக்கு ஓட்டை எங்கன்னு பாத்துட்டுத்தான் போவேன்."

புது பேட்டரியை வைத்தான். மீட்டரைக் கோர்த்தான். காரைப் பூட்டிவிட்டு இருவரும் காத்திருந்தார்கள். இந்த வகைக் கார்களுக்குள் சின்னச் சின்ன மூளைகள் ஐம்பது அறுபது உண்டு. பூட்டி அரை மணி நேரத்தில் அவை ஒவ்வொன்றாகத் தூங்கிப்போக வேண்டும். மீட்டரில் எண் இறங்கிக்கொண்டே வந்தது. தூங்கப்போகிற நேரத்தில் சட்டென்று ஏறியது. மறுபடி இறங்கியது. மறுபடி ஏறியது. யாரோ தோளைத் தட்டி எழுப்பிக்கொண்டே இருக்கிற மாதிரி இருந்தது.

தோங் பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தான். கடைசியில் கையடக்கக் கணினியைச் சொருகிப் படித்தவன், பிடுங்கி மறுபடி சொருகிப் படித்தான்.

"என்னய்யா?"

"டிரைவர் சீட்டுல ஆள் உக்காந்திருக்குன்னு சொல்லுது முதலாளி. ஆள் இருக்கிறப்ப வண்டி எப்படித் தூங்கும்?"

"சென்சார் போயிருக்கும்."

"சீட் பெல்ட் விளக்கு அணையலன்னு போன தடவையே புதுசு மாத்திட்டேன்."

இருவரும் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார்கள்.

இருக்கை காலியாக இருந்தது.

தோங் கதவைத் திறந்ததும் உள்ளிருந்து மெந்தால் வாசனை அடித்தது. மூக்கில் வைத்து உறிஞ்சுகிற சின்னக் குழலின் வாசனை. கம்போனுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அவன் மனைவி நரீரத்துக்கும் கிடையாது. அந்தக் காரில் அதை நாள் முழுக்க மூக்கில் சொருகிக்கொண்டு திரிந்தவர் ஒரே ஒருவர்தான். டிரைவர் புன்லெர்ட். அறுபத்து மூன்று வயது. சுரின் பக்கத்துக் கிராமத்துக்காரர். போன ஏப்ரலில் செத்துப்போனார்.

"தாத்தா இந்த வண்டிக்குள்ளதானே போனாரு?" என்று தோங் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"மாரடைப்பு. போலீஸே சொல்லிட்டான்."

போலீஸ் சொன்னது உண்மைதான். கம்போன் சொன்னதைத்தான் போலீஸ் சொன்னது.

நடந்தது வேறு. அதற்கு முந்தின வாரம் புன்லெர்ட் பப்பாளிச் சாலட் தின்னப் போன இடத்தில், கம்போன் வெயிலில் நான்கு நிமிடம் நிற்கும்படி ஆகிவிட்டது. நான்கே நிமிடம். அதை மனசில் வைத்துக்கொண்டிருந்தான் அந்தப் பாவி. பாங்னாவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு விருந்தாளிகளோடு போனபோது கிழவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க நினைத்தான். கார்ச் சாவியை எடுத்துக்கொண்டான். கிழவனின் கைபேசியையும் வாங்கிக்கொண்டான். இறங்காமல் வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டுக் கடைக்குள் போய் உட்கார்ந்து, தன் கைபேசி ஆப்பிலிருந்து காரை இரட்டைப் பூட்டாகப் பூட்டினான். திருடனுக்காகச் செய்த ஏற்பாடு அது. அப்படிப் பூட்டினால் உள்ளே இருப்பவனாலும் திறக்க முடியாது.

வெளியே நாற்பத்தொரு டிகிரி.

கொஞ்ச நேரத்தில் ஹாரன் கேட்டது. ஒரு விருந்தாளி, "யாரு வண்டி அது?" என்றார். "நம்ம கிழவன்தான். பசி வந்துட்டுது. கத்தட்டும்," என்றான் கம்போன். எல்லோரும் சிரித்தார்கள். ஹாரன் விட்டு விட்டுக் கேட்டது. பிறகு பேட்டரி சக்தி குறைந்து முனகலாக ஆனது. பிறகு அதுவும் நின்றது. கம்போன் அதற்கப்புறமும் ஒன்றரை மணி நேரம் நண்டு தின்றான்.

ஆப்பில் பதிவாகியிருந்ததை அன்று மாலையே அழித்துவிட்டான். அடக்கத்துக்குப் போகவில்லை. மலர்வளையம் அனுப்பினான். காரை மூன்று முறை கழுவினான்.

விற்றுத் தொலைக்கவும் பார்த்தான். வாங்க வந்தவர் முன்னாலேயே வண்டி கண்ணை மூடிக்கொண்டது. இப்போது அவகாசம் இல்லை. கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்து நரீரத் கர்ப்பமாகியிருந்தாள். ஜோசியர் குறித்துக் கொடுத்த வேளை, வருகிற வியாழக்கிழமை ஒன்பது மணி ஒன்பது நிமிடம். ஆஸ்பத்திரியில் அறுவைக்கு எல்லாம் தயார். ஆனால் நரீரத் ஒற்றைக் காலில் நின்றாள்.

"அந்த மெந்தால் வாசனை போற வரைக்கும் என் புள்ளைய அதுல ஏத்த மாட்டேன்."

கம்போனுக்கு அந்தப் பிள்ளைதான் உலகம். அதை மட்டும் நம்பலாம். பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று அவன் நிஜமாகவே பயந்தான்.

தோங் சாமான்களை மூட்டை கட்டியபடி சொன்னான். "இதுக்கு ஸ்பேனர் உதவாது. தாத்தாவுக்குத் தான் செத்ததே தெரியல. நீங்க இறங்கச் சொல்லலியே, அதான் உக்காந்திருக்காரு. நம்ம வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? வீட்டாளுங்க வந்து பேரச் சொல்லிக் கூப்பிடணும். பாலம் வந்தா பாலம்னு சொல்லி, திருப்பம் வந்தா திருப்பம்னு சொல்லி, ஊரு வரைக்கும் கூட்டிக்கிட்டுப் போகணும். அவரு சம்சாரத்துக்கு ஒரு போன் போடுங்க."

"அந்தக் கிழவி எதுக்கு? நானே கூப்பிட்டா ஆகாதா?"

"ஆகும். ஆனா எங்க போகணும்னு சரியாச் சொல்லணும். அப்புறம், புள்ளத்தாச்சி பக்கத்துல இருக்கவே கூடாது. அது ரொம்ப முக்கியம்."

கிழவி வந்தால் கேள்வி வரும். எத்தனை மணிக்குச் செத்தார், கைகள் ஏன் அப்படி வீங்கியிருந்தன என்றெல்லாம் கேட்பாள். கம்போன் போன் போடவில்லை.

செவ்வாய்க்கிழமை நண்பகல். நரீரத் வயிற்றுப் பக்கம் உடையில் ஓர் ஊக்கைக் குத்திக்கொண்டிருந்தாள். சாவு விழுந்த இடத்தில் எதுவும் வயிற்றை அண்டாமலிருக்கக் கர்ப்பிணிகள் குத்துகிற ஊக்கு. அம்மா சொல்லியிருந்தாள். கம்போனுக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல்.

"பேயும் இல்ல, பிசாசும் இல்ல. படிச்சவதானே நீ? கழட்டு அத," என்று தானே பிடுங்கி மேசையில் எறிந்தான்.

பிறகு, பேயும் இல்லை பிசாசும் இல்லை என்று சொன்ன அதே வாயோடு, ஊதுவத்தியை எடுத்துக்கொண்டு மூன்றாம் அடித்தளத்துக்கு இறங்கினான்.

அங்கே யாரும் இல்லை. குழல் விளக்கு ஒன்று மட்டும் விட்டு விட்டு எரிந்தது. எங்கோ குழாயில் தண்ணீர் சொட்டியது. ஊதுவத்திப் புகையையும் மீறி மெந்தால் வாசனை வந்தது.

ஓட்டுநர் கதவைத் திறந்து பிடித்தான்.

"புன்லெர்ட்," என்றான் கிசுகிசுப்பாக. "வேல முடிஞ்சுது. இறங்கு."

ஒன்றும் நடக்கவில்லை.

"இறங்குய்யா. வீட்டுக்குப் போகலாம். வா."

உள்ளே மோட்டார் முனகியது.

இருக்கை மெல்லப் பின்னால் நகர்ந்தது. ஓட்டுகிறவர் இறங்கும்போது காலுக்கு இடம் விட்டு நகருமே, அப்படி.

தோல் மெத்தையில் இருந்த குழி நிமிர்ந்தது.

அவன் தோளை ஒட்டி வெக்கை கடந்து போனது. அடுப்பைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த வெக்கை.

கதவு தானே சாத்திக்கொண்டது. மெதுவாக, மரியாதையாக.

"என்னங்க, இங்க என்ன பண்றீங்க? சாப்பாடு ஆறுது," என்று பின்னாலிருந்து குரல் கேட்டது.

நரீரத். வெறும் பருத்தி உடையில், நிறைமாத வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு, லிஃப்ட் வாசலில் நின்றாள்.

கம்போன் ஊதுவத்தியைக் காலில் போட்டு மிதித்துவிட்டு, அவள் கையைப் பிடித்து லிஃப்டுக்குள் இழுத்தான். கதவு மூடியது. பாதியில் நின்றது. இன்னொருவர் ஏறுவதற்காகத் திறப்பதுபோல் திறந்தது.

பிறகு மூடியது.

"இங்க என்ன இப்படிக் காயுது?" என்று நரீரத் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஏழாவது மாடி வருவதற்குள் "அம்மா!" என்று வயிற்றைப் பிடித்தாள். "உதைக்கிறான். ரெண்டு கையாலயும் குத்துறான் பாருங்க," என்று சிரித்தாள்.

அன்றிலிருந்து கார் தங்கமாக நடந்துகொண்டது. புதன்கிழமை வந்து பார்த்த தோங் மீட்டரை இரண்டு முறை தட்டிப் பார்த்தான். வண்டி அரை மணி நேரத்தில் குழந்தை மாதிரித் தூங்கியது. இருக்கையில் ஆள் இல்லை. மெந்தால் இல்லை. கம்போன் அவன் முதுகில் தட்டிச் சிரித்தான்.

வியாழக்கிழமை குறித்த நிமிடத்தில் ஆண் குழந்தை பிறந்தது. மூன்றரைக் கிலோ, குறையொன்றும் இல்லை. துடைத்துச் சுற்றிக் கொண்டுவந்த நர்ஸ், குழந்தையின் வலது காதுக்குப் பின்னால் காட்டினாள். விரலால் இழுத்துவிட்ட மாதிரி கறுப்பாக ஒரு மச்சம்.

"அழுத்தித் தொடச்சாலும் போகல. செத்தவங்க ஒடம்புல கரி வச்சு அனுப்புவாங்களே, அப்படிப் போன யாரோதான் திரும்பி வந்திருக்காங்க. கொடுத்து வச்சவங்க நீங்க!"

"எங்க வீட்ல யாருக்கும் கரி வைக்கலியே?" என்றாள் நரீரத்.

கம்போன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிள்ளையைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தான். கையில் வாங்கியபோது அது அழவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

குழந்தை பிறந்த பன்னிரண்டாம் நாள், வெயில் உச்சிக்கு ஏறும் நேரம். வாசலில் ஒரு கிழவி நின்றாள். தோளில் துணிப்பை, கையில் வாழைச் சீப்பு.

"நான் பூவா, முதலாளி. புன்லெர்ட் சம்சாரம். சுரின்லேருந்து ராத்திரி பஸ்ஸப் புடிச்சு வந்தேன்."

கம்போன் வழியை மறித்துக்கொண்டு நின்றான். நரீரத்தான் உள்ளே வரச் சொன்னாள். கிழவி நேராகத் தொட்டிலருகே போனாள். காதை மடக்கிப் பார்த்தாள். அங்கேயே மண்டிபோட்டு அழுதாள். அழுகையும் சிரிப்பும் கலந்து வந்தன.

"நான் வச்ச கரிதான். நம்ம அடுப்புப் பானைக் கரி. எங்க பொறந்தாலும் கண்டுபிடிச்சுக்கணும்னு பொணத்துக்கு வச்சேன். போன வாரம் கனவுல வந்து சொன்னாரு. 'முதலாளி இறங்கச் சொல்லி வீட்டுக்குக் கூப்பிட்டாரு பூவா, அங்கயே இருக்கேன்'னாரு." கம்போனைப் பார்த்துக் கும்பிட்டாள். "நீங்க நல்லா இருக்கணும் முதலாளி. யாரு கூப்பிடுவாங்க ஒரு டிரைவர?"

குழந்தையின் மணிக்கட்டில் வெள்ளை நூலைக் கட்டினாள். அது அவள் விரலை இறுகப் பிடித்துக்கொண்டது. நரீரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கம்போன் தொட்டிலை விட்டு இரண்டடி தள்ளி நின்றான்.

"ஒரே ஒரு மனக்குறை," என்றாள் கிழவி எழுந்தபடி. "கடைசி நேரத்துல என்ன ஆச்சுன்னு யாருமே சொல்லல. கை ரெண்டும் நீலம் பாரிச்சுக் கெடந்துச்சு. போகட்டும். இப்படிப் பொறக்குற புள்ளைங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். ரெண்டு வயசுல பேச்சு வந்துட்டா, அவரே வாயால சொல்லிருவாரு. நான் வந்து கேட்டுக்கறேன்."

அவள் போனதும் கம்போன் வாசல் கதவைச் சாத்தி, என்றுமில்லாமல் இரட்டைப் பூட்டாகப் பூட்டினான்.

பூட்டு விழுந்த சத்தத்தில், பிறந்ததிலிருந்து அழாத குழந்தை வீறிட்டது. இரண்டு முஷ்டியும் தொட்டில் கம்பியில் மோதின.

திறந்தான். நின்றது.

சாத்தினான். வீறிட்டது.

கதவைத் திறந்தே வைத்துவிட்டு, அவன் தொட்டிலருகே வந்து நின்றான். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்த அறையில் குழந்தையின் உடம்பு அனலாகக் கொதித்தது. பன்னிரண்டே நாள் குழந்தை. கண்ணை இமைக்காமல் அவனைப் பார்த்தபடி, சத்தமில்லாமல் உதடுகளை அசைத்துப் பழகிக்கொண்டிருந்தது.

"பாருங்களேன், அதுக்குள்ள பேச ஆசைய!" என்று நரீரத் அவன் தோளில் சாய்ந்தாள். "சீக்கிரம் பேசணும்னு வேண்டிக்கப் போறேன். மொத வார்த்தைய உங்ககிட்டத்தான் சொல்லுவான்."