ஹரிசாவுக்கு வைத்த எலி

பாம்பு எலியைப் பார்க்கவில்லை. சலுவா இடுக்கியில் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்த வெள்ளை எலியைத் தாண்டி, அவள் தோளையும் தாண்டி, பின்னால் காலியாகக் கிடந்த கட்டிலை நோக்கித் தலையைத் தூக்கி நின்றது.

"ஹரிசா, இங்க பாருடி" என்றாள்.

பார்க்கவில்லை.

அது அவள் தம்பி ரம்ஸி வளர்த்த மலைப்பாம்பு. ஹரிசா என்கிற மிளகாய் விழுதின் நிறம் என்பதால் அந்தப் பெயர். ஸ்ஃபாக்ஸ் நகரில் வேலை தேடி அலுத்துப்போய், இலையுதிர் காலத்தின் முடிவில் அவன் இத்தாலிக்குப் படகேறினான். படகு கவிழ்ந்தது. சிலரைக் கடல் கரையில் கொண்டுவந்து போட்டது. ரம்ஸியைத் தரவில்லை. அவன் அறையும், அந்த அறையில் இந்தக் கண்ணாடித் தொட்டியும் அவளிடம் மிஞ்சின.

கிளம்புவதற்கு முன் அவளைச் சமையலறையில் நிறுத்திச் சொல்லிக்கொடுத்திருந்தான்.

"ஃப்ரீசர்ல கடைசித் தட்டுல எலி இருக்கு. மீனுன்னு நெனச்சு வறுத்துடாதக்கா."

"உனக்கே வறுத்து வைக்கிறேன். வித்தியாசம் தெரியாமத் தின்பே."

அவன் சிரித்தான். "மொதல்ல பச்சத் தண்ணியில போட்டு வெறைப்பு எடுக்கணும். அப்புறம் சுடுதண்ணி. கொதிக்கக் கொதிக்க ஊத்திடாத. கையில வச்சா வெதுவெதுன்னு இருக்கணும். பாம்புக்குக் கண்ணு அவ்வளவா தெரியாதுக்கா, சூட்டைத்தான் பாக்கும். சூடா இருந்து லேசா ஆடினாப் போதும், உசுரோட இருக்குன்னு நம்பிடும்."

"பாவம்டா."

"எது, எலியா?"

"பாம்பு. ஏமாத்துறோமே அதை."

மாலைத் தொழுகைக்கான அழைப்பு முடிந்ததிலிருந்து அவள் அதையெல்லாம் ஒழுங்காகவே செய்திருந்தாள். குளிர்ந்த நீரில் கல்லாய்க் கிடந்த எலியின் உடம்பு மெல்ல மெல்லத் தளர்ந்து, கால்கள் தொங்கி, ஈரத் துண்டில் துடைத்து ஹேர் டிரையரின் சூட்டில் காட்டியபோது ரோமம் புசுபுசுவென்று எழும்பி, ஈரமுடியும் கருகிய தூசியும் கலந்த வாசனை அறை முழுக்கப் பரவியிருந்தது. சூடு சரியாக இருக்கிறதா என்று மணிக்கட்டில் வைத்துப் பார்த்தவள், கொஞ்ச நேரம் அதை எடுக்காமலே இருந்தாள். வெளியே மழை. மாடிக் குழாய்க்குள் தண்ணீர் இறங்கும் சத்தம், யாரோ படியேறி வருவதுபோலவே கேட்டுக்கொண்டிருந்தது.

பாம்பு நாக்கை நீட்டியது. கட்டிலைப் பார்த்தபடியே.

சலுவா திரும்பினாள். மடித்து வைத்த கம்பளி, தலையணை, அவ்வளவுதான். ஒரு கையில் இடுக்கியோடு, இன்னொரு கையை மெத்தைமேல் வைத்தாள்.

சூடாக இருந்தது.

யாரோ இப்போதுதான் எழுந்து போன இடம்போல. சூட்டின் விளிம்பைத் தடவிக்கொண்டே போனாள். தோள். முதுகு. மடக்கிய முழங்கால். சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான் சுருண்டு படுப்பான். தலையணையில் உப்பும் டீசலும் மணத்தன. பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. பயத்துக்கு முன் அழுகைதான் வந்தது.

"வந்துட்டியாடா?" என்றாள், யாருக்கும் கேட்காத குரலில்.

மேஜைமேல் போன் அடித்தது. பெரியப்பா மகன் மூல்தி. கடற்கரை ஊர்களின் ஆஸ்பத்திரிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தவன்.

"சலுவா, வீட்ல யாராவது கூட இருக்காங்களா?"

"சொல்லு."

"ரம்ஸி கெடச்சுட்டான்."

அவள் கட்டிலைப் பார்த்தாள். "எனக்குத் தெரியும். இங்கதான்..."

"கேளு தங்கச்சி. நான் பாத்துட்டேன். அவனேதான். ஐஸ் அறையில வச்சிருக்காங்க. காலையில நீ வந்து..." அவன் குரல் உடைந்தது.

போனை வைத்துவிட்டு மறுபடி மெத்தையைத் தொட்டாள். சில்லிட்டிருந்தது.

தொட்டிக்குள் பாம்பின் தலை மெதுவாக நகர்ந்தது. கட்டிலை விட்டு. சுவரோடு. கதவுப் பக்கம்.

"அக்கா."

நடையில் விளக்கு எரியவில்லை. வாசலில் ரம்ஸி நின்றிருந்தான். போனபோது போட்டிருந்த அதே நீலச் சட்டை. முடியிலிருந்து நீர் சொட்டியது. தோளிலிருந்து ஆவி எழுந்தது. அறைக்குள் ஈர ரோமத்தின் வாசனை கூடியது.

"அக்கா" என்றது மறுபடி. உதடு அசையவில்லை.

தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கைகள் தொங்கின. உடம்பு லேசாக ஆடியது. இடம். வலம். இடம்.

அவள் கீழே பார்த்தாள். பாதங்கள் தரையில் படவில்லை.

மேலே பார்த்தாள். பிடரியில் சட்டை, இடுக்கியில் பிடித்ததுபோல், கொத்தாகச் சேர்ந்து இறுகியிருந்தது. அதற்கு மேலே கதவு நிலை. நிலைக்கு மேலே இருட்டு. இருட்டு பொறுமையாக இருந்தது.

பாம்பு தலையைக் கீழே போட்டது. தொட்டியின் மூலைக்கு, அங்கே கிடந்த மரப்பட்டைக்கு அடியில், முழுதாக உள்ளே போய்விட்டது.

சலுவாவுக்குப் புரிந்துவிட்டது. எல்லாமே. ஓட வழியும் இருந்தது. ஜன்னல், பால்கனி, பக்கத்து வீடு. கூப்பிட்டால் அங்கிருந்து நஜ்வா வந்திருப்பாள்.

இடுக்கியைத் தரையில் வைத்தாள்.

ஐஸ் அறையில் கிடக்கும் பிள்ளையை நினைத்தாள். காலையில் தொடப்போகும் அந்த நெற்றியை.

இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.

கன்னத்தில் கன்னம் பட்டது. வெதுவெதுவென்று இருந்தான்.

மேலே, இருட்டு ஆட்டுவதை நிறுத்தியது.