நாலு நிமிடம் அசையாதவன்

ஆளே இல்லாத கடைத்தெரு எந்த விலைக்கும் கிடைக்காது. போட்டோகிராபர் அதற்கு நாலு நிமிடம் விலை சொன்னார். கேமராவில் ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டி, ஷட்டரை நாலு நிமிடம் திறந்து வைத்தால் நடப்பவர், ஓடுபவர், கையை ஆட்டிப் பேரம் பேசுபவர் எல்லோரும் கரைந்துபோவார்கள். அசையாதது மட்டும் படத்தில் தங்கும்.

பாத்திரக்கடைக்காரிக்கு அது மலிவாகத்தான் பட்டது. சரக்கைத் தானே படம் எடுத்து விற்கலாம் என்று, கல்யாணப் படங்களில் பெயர் வாங்கிய அவரை மூன்று வகுப்புக் காசில் நாலு வகுப்பு கற்றுத்தர இறக்கியவள் அவள். இது மூன்றாவது வகுப்பு.

கடை மாடி ஜன்னலிலிருந்து எடுத்த முதல் படத்தில் தெரு துடைத்து வைத்ததுபோல் இருந்தது. தெருமுனையில் மட்டும் ஒருவன்.

"யாராவது அசையாம நின்னிருப்பாங்க, மேடம்."

"நாலு நிமிஷமா? சாயங்காலம் இந்தத் தெருவுல நின்னா இடிச்சுத் தள்ளிட்டுப் போயிடுவாங்க, சார்."

இரண்டாவது படம் முடியும்வரை அவள் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவனும் நிற்கவில்லை. படத்தில் அவன் எதிர்க்கடை வாசலில் இருந்தான்.

மூன்றாவதில் அவன் அவளுடைய கடைப் படியிலேயே இருந்தான். தலை குனிந்திருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருந்தது, பள்ளி விட்டு வந்த மகள் படியில் எறிந்துவிட்டு ஓடிய பையை.

போட்டோகிராபர் பணத்தை எண்ணி மேசையில் வைத்தார். "நாலு கிளாஸுக்கும் இருக்கு. வீட்டுக்குள்ள இப்படி எடுக்காதீங்க."

வாங்கிய காசைத் திருப்பித் தருகிற தொழில்காரரை அவள் பார்த்ததே இல்லை. அவள் எண்ணிப் பார்க்கவில்லை.

"யாரு சார் அது?"

"என் தம்பி இருந்த வரைக்கும் நானும் எடுத்துப் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

அவள் கேமராவில் மாட்டிய தன் கறுப்புக் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் போய்விட்டார்.

சரக்கு உள்ளே வந்ததா இல்லையா என்று பார்க்காமல் கதவடைக்கிற குடும்பம் இல்லை அவளுடையது; அவன் வீட்டுக்குள் வந்துவிட்டானா என்றும் பார்த்துவிட வேண்டும். கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுக் கூடத்தில், மங்கும் வெளிச்சமும் பித்தளையின் புளித்த வாடையும் கலந்து கிடக்க, பஸ் போகும்போதெல்லாம் கடையில் அடுக்கிய தட்டுகள் ஒன்றோடொன்று முணுமுணுக்க, அவள் கேமராவைக் காலி நாற்காலிக்கு நேராக நிறுத்தினாள். மகளை நிற்க விடக்கூடாது. அசைகிறவள் படத்தில் விழமாட்டாள். விழாதவளை அவன் எப்படிப் பிடிப்பான்?

"ஸ்கிப்பிங் ஆடுடி. முந்நூறு வரைக்கும் நிறுத்தாம எண்ணணும். கேட்டது வாங்கித் தர்றேன்."

"நூத்தம்பதுக்கு முடிச்சுக்கலாமாம்மா?"

"முந்நூறு."

கயிறு தரையில் அடித்தது. ஒன்று. இரண்டு. அம்மாவின் விரல் பொத்தானை அழுத்தியது. கூடத்தின் குறுக்கே குதித்துக்கொண்டே போனாள் மகள், திரும்பி வந்தாள், கேமராவைக் கடந்து அம்மாவின் முதுகுப்பக்கம் போனாள், மூச்சு வாங்கியது, எண்ணிக்கை நிற்கவில்லை. நாற்காலி காலியாகவே இருந்தது.

இருநூற்றுப் பத்தில் ஷட்டர் மூடியது.

திரை கொஞ்ச நேரம் இருண்டே இருந்தது. பிறகு கூடம் தெரிந்தது. சுவர். ஜன்னல். தரையில் சுருண்டு கிடந்த கயிறு.

நாற்காலியில் அவன்.

மடியில் மகள். நெற்றியில் ஒட்டிய முடி ஒவ்வொன்றும் துல்லியம். கண்கள் திறந்திருந்தன. துளி அசைவில்லை. நாலு நிமிடமும்.

அம்மாவின் முதுகுக்குப் பின்னால் கயிறு அடித்துக்கொண்டிருந்தது.

"எரநூத்தி இருவது." மகளின் குரல்.

அவள் திரும்பவில்லை.

"எரநூத்தி இருவத்தொண்ணு." மகளின் குரல்தான். தூரத்திலிருந்து.

கயிறு அடித்தது. அடுத்த எண்ணைச் சொன்னது ஓர் ஆணின் குரல், அவள் காதோரம், நிதானமாக.

"எரநூத்தி இருவத்திரெண்டு."

முந்நூற்றுக்கு இன்னும் எழுபத்தெட்டு பாக்கி.