தொங்கும் மைக்

ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்னால் ஒலியமைப்பாளர் ரொசாரியோ மேடையில் மண்டியிட்டு உள்ளங்கையைத் தரையில் வைப்பார். பம்புகள் ஓடுகின்றன என்று கைக்குத் தெரிந்த பிறகுதான் மைக் ஸ்டாண்டுகளை வெளியே எடுப்பார். தூத்துக்குடி மிதவூரில் எந்த வேலையும் அப்படித்தான் தொடங்கும். கடலுக்கடியில் போன நகரத்தின் மேல் மிதக்கும் ஊர் அது. அடித்தட்டில் கசியும் நீரை ராட்சதப் பம்புகள் ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டிருந்தன.

அன்று பாட வந்த நாச்சியார் ஸ்டாண்டுகளை மாற்றி மாற்றிச் சோதித்தாள். குட்டை ஸ்டாண்ட் உட்கார்ந்து பாடத் தோதாக இருந்தது. கை நீண்ட ஸ்டாண்ட் தம்பூராவை இடிக்கவில்லை. ஆனால் எதில் மைக்கைப் பொருத்தினாலும் அவள் குரலோடு பம்பின் ‘தும் தும்’ ஒலிபெருக்கியில் சேர்ந்தே வந்தது.

“இத எடுக்கவே முடியாதாண்ணே?”

“மேடைய ஊரோட எலும்புலல்லா போல்ட் போட்டு இறுக்கியிருக்கு. எந்த ஸ்டாண்ட வச்சாலும் கால் வழியா ஏறி வந்துரும்மா. மெஷின்ல வடிகட்டுனா உன் கீழ்ஸ்தாயியும் சேந்து போயிரும்.”

“பொறந்ததுலேருந்து பாடுதேன். என் குரல் மட்டும் தனியா எப்படி இருக்கும்னு நானே கேட்டதில்ல.”

ரொசாரியோ சற்று யோசித்தார். பிறகு ஏணியில் ஏறி, கூரையிலிருந்து ரப்பர் கயிறுகளில் மைக்கைத் தொங்கவிட்டார். ‘தும் தும்’ அற்றுப்போனது. அரங்கின் இருக்கைகள் ரப்பர் தளத்தின் மேல் புதிதாகப் போடப்பட்டவை. அங்கே பம்பு ஒலிபெருக்கி வழியாக மட்டுமே கேட்கும்.

“சனங்களுக்குப் பழக்கமில்லியேம்மா” என்றார்.

“பழகிக்கிடட்டும்ணே.”

மாலையில் அரங்கு நிரம்பியது. நாச்சியார் ஆலாபனையை மெல்ல விரித்தாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. மேல்ஸ்தாயியில் போய் நின்று, தம்பூராவையும் நிறுத்தி மூச்சு எடுத்தாள். ஒலிபெருக்கியில் எதுவுமே இல்லை.

முன்வரிசையில் ஒருவர் எழுந்தார்.

மிதவூரில் குழந்தைகளுக்குப் பேச்சு வரும்போதே சொல்லிக்கொடுப்பார்கள்: சத்தம் நின்றால் மேலே ஏறு. யாரையும் கேட்காதே, எதையும் எடுக்காதே. முன்பொருமுறை வடக்குத் தட்டில் பம்பு நின்று நீர் ஏறிய அன்று, யோசித்து நின்றவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை.

யாரும் அலறவில்லை. அரங்கு மொத்தமும் எழுந்து படிக்கட்டை நோக்கி ஓடியது.

“பம்பு ஓடுது! உக்காருங்க!” என்று ரொசாரியோ கத்தினார். வாய்வார்த்தையை நம்பக்கூடாது என்றும் அவர்கள் படித்திருந்தார்கள். அவர் இன்னொரு மைக்கைப் பிடுங்கித் தரையில் அழுத்தினார். அரங்கெங்கும் ‘தும் தும்’ திரும்பியபோது நெரிசலில் படிக்கட்டின் கைப்பிடி முறிந்து பலர் விழுந்துவிட்டிருந்தார்கள்.

இறந்தவர்களை மேல்தளத்தில் வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். நாச்சியார் அங்கே போனாள். ஒரு பெண்ணின் தலைமாட்டில் அவள் கணவன் உட்கார்ந்திருந்தான். தன்னை அடிக்கட்டும் என்று நாச்சியார் அவன் எதிரில் நின்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். குரலில் கோபமே இல்லை.

“இவ எந்திரிக்கல தாயி. ‘கொஞ்சம் இருங்க, எவ்வளவு நல்லாருக்கு, கேட்டுட்டு வாரேன்’னா. நான்தான் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தேன்.”