கழட்டின ஸ்கிரீன்

ஆலங்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. சுடர்விழி அந்த ஸ்கிரீனைத் துப்பட்டாவுக்குள் பொத்திக்கொண்டு நடந்தாள். ஏதோ ஒரு பழைய லேப்டாப்பிலிருந்து கழட்டினது. புதுக்கோட்டைக் கடைக்காரர் இரண்டு பக்கமும் அட்டை வைத்துக் கட்டிக் கொடுத்திருந்தார். மாட்டிவிடுகிற ஆள் சாயங்காலம்தான் வருவான் என்றார். அவளுக்கு மூன்று மணிக்கு இன்டர்வியூ.

“நானே மாட்டிக்கிறேங்க,” என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

முந்திரிக் காட்டை ஒட்டின பழைய ஓட்டு வீடு அது. கதவைத் திறந்ததும் ஈர மண் வாசனை முகத்தில் அடித்தது. புருஷன் தங்கமுத்து முந்திரிக் கம்பெனிக்குப் போயிருந்தான். பொங்கல் முடிந்ததும் திருப்பூருக்குப் போய்விடலாம் என்று பெரியப்பா மகனிடம் பேசி வைத்திருந்தான். சுடர்விழிக்குத் திருப்பூர் போக இஷ்டமில்லை. படித்த படிப்புக்கு வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை ஒன்று கிடைத்தால் போதும் என்றிருந்தாள். இரண்டு வருஷமாகத் தேடி, இப்போதுதான் கடைசிச் சுற்று வரைக்கும் வந்திருக்கிறாள். லேப்டாப்பில்தான் உட்கார வேண்டும், போனில் கூடாது என்று கம்பெனிக்காரர்கள் முன்னமே சொல்லியிருந்தார்கள். நேரம் பார்த்து முந்தாநாள் அது கட்டிலிலிருந்து சரிந்து விழுந்தது. ஸ்கிரீனின் மூலையிலிருந்து மை ஊறினதுபோல் கறுப்பு பரவி, ஒன்றுமே தெரியாமல் போய்விட்டது.

உள்ளறையில் பாயை விரித்து உட்கார்ந்தாள். போனில் வீடியோவை ஓடவிட்டுப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். முதலில் அடிமூடியைக் கழற்றி பேட்டரி வயரைப் பிடுங்கினாள். பிறகு ஸ்கிரீனைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் சட்டத்துக்குள் பழைய ஏடிஎம் கார்டைச் செருகி, மெல்ல நெம்பிக்கொண்டே போனாள். டக், டக் என்று ஒவ்வொரு கொக்கியாக விட்டது. ஸ்க்ரூக்களைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டாள். உடைந்த ஸ்கிரீனைக் கீபோர்டின் மேல் கவிழ்த்து, முதுகில் ஒட்டியிருந்த பட்டை வயரை நகத்தால் விடுவித்தாள். நம்மால் முடியும் என்று கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது.

வாங்கி வந்ததைப் பிரித்தாள்.

தேங்காய் எண்ணெயும் முகப் பவுடரும் கலந்து ஒரு வாசனை எழுந்தது. அட்டைக்கும் பிளாஸ்டிக்குக்கும் வரக்கூடிய வாசனை இல்லை. ஒரு பெண் தலைசீவிப் பொட்டு வைத்து, எங்கேயோ கிளம்பி நிற்கும்போது வருகிற வாசனை.

கறுப்பாகக் கிடந்த ஸ்கிரீனில் அவள் முகம் தெரிந்தது. நனைந்த தலையை உலர்த்துவதற்காக அவிழ்த்து விட்டிருந்தாள். ஸ்கிரீனில் தெரிந்த தலை இறுக்கமாகப் பின்னியிருந்தது.

கையை வைத்துப் பார்த்தாள். விரல்களில் ஈரமுடிதான் அகப்பட்டது. மறுபடி குனிந்து பார்த்தபோது ஸ்கிரீனிலும் அவிழ்ந்த முடிதான்.

கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

“அண்ணே, காலையில ஸ்கிரீன் வாங்கிட்டு வந்தேன்ல, ஆலங்குடி. இது யாரோட லேப்டாப்புங்க?”

“ஏம்மா, படம் வரலையா?”

“இன்னும் மாட்டல. சும்மாதான் கேக்குறேன்.”

“கறம்பக்குடிப் பக்கம் ஒரு பொண்ணோடது. அவங்க அப்பா கொண்டாந்து வச்சிட்டுப் போனாரு. வேலைக்கு ரொம்ப அலைஞ்ச புள்ளயாம். வீட்டுல வச்சுப் பாக்க முடியலன்னாரு.”

“அந்தப் பொண்ணு?”

“இப்ப இல்லம்மா,” என்றார். “என்ன ஏதுன்னு நான் கேட்டுக்கல.”

சுடர்விழி போனை வைத்தாள். செத்துப்போனவர்கள் வைத்திருந்த சாமான்கள் எல்லா வீட்டிலும்தான் இருக்கின்றன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இன்டர்வியூவுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. வயரைப் பொருத்தி, ஸ்க்ரூவை முடுக்கி, சட்டத்தை அமுக்கி, பேட்டரி வயரையும் மாட்டினாள்.

பொத்தானை அழுத்தினதும் ஸ்கிரீன் பளிச்சென்று எரிந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

இன்டர்வியூ தொடங்கியது. எதிரில் ரம்யா என்ற ஒரு பெண் மட்டும். சிரித்த முகமாக, இங்கிலீஷில் கேட்டாள். ஓரத்தில் சின்னக் கட்டத்தில் சுடர்விழியின் முகம் தெரிந்தது. முதல் இரண்டு கேள்விக்கும் தடுமாறாமல் பதில் சொன்னாள்.

மூன்றாவது கேள்வியின்போதுதான் அதைக் கவனித்தாள்.

அவளுக்குப் பின்னால் கதவு திறந்துதான் கிடந்தது. சாரலின் குளிர் முதுகில் பட்டுக்கொண்டிருந்தது. கட்டத்தில் அந்தக் கதவு சாத்தியிருந்தது.

சாத்தின கதவில் சாய்ந்துகொண்டு ஒருத்தி நின்றாள்.

சுடர்விழி திரும்பவில்லை. திரும்பிப் பார்த்தால் இன்டர்வியூவே போய்விடும். கேமரா நம்முடையது, ஸ்கிரீன்தான் அவளுடையது என்று மனசுக்குள் வேகமாகக் கணக்குப் போட்டாள். அப்படியென்றால் ரம்யாவுக்கு இது தெரியாது. ரம்யா எதையும் கண்டதாகத் தெரியவில்லை. தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த கேள்வி வந்தது. கட்டத்தில் நின்றவள் கதவை விட்டுக் கட்டில் பக்கம் வந்திருந்தாள். பின்னல் முன்னால் தொங்கியது.

அதற்கடுத்த கேள்வி. வலது தோளுக்குப் பின்னால் வந்துவிட்டாள். குனிந்திருந்ததால் முகம் தெரியவில்லை. பவுடர் வாசனை மூக்கில் ஏறியது. சுடர்விழி கண்ணை ரம்யாவின் மேலேயே வைத்துக்கொண்டு, பாயின் கோரையை விரலால் பிய்த்துப் பிய்த்துப் போட்டாள்.

கடைசியாக ரம்யா கேட்டாள். இரண்டு வருஷம் சும்மா இருந்த உங்களுக்கு இந்த வேலையை ஏன் கொடுக்க வேண்டும்?

அதற்கான பதிலை மனப்பாடமாக வைத்திருந்தாள். ஒரு வார்த்தைகூட வரவில்லை.

கட்டத்திலிருந்த அவள் முகம் பேசியது.

சுடர்விழி கையைத் தூக்கி உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். மூடித்தான் இருந்தது.

அவளுடைய குரலேதான். வலது காதுக்குப் பக்கத்திலிருந்து வந்தது. எத்தனையோ தடவை சொல்லிச் சொல்லிப் பழகின பதில்போல் தங்குதடையில்லாமல் ஓடியது. முடிவில் லேசாகத் தழுதழுத்தது.

ரம்யா குறித்துக்கொண்டு நிமிர்ந்தாள். “நல்லா சொன்னீங்க சுடர்விழி,” என்று தமிழிலேயே சொன்னாள். “மனசுல இருந்து வந்துச்சு.”

அந்தப் பக்கம் அணைந்ததும் சுடர்விழி லேப்டாப்பை அறைந்து மூடினாள். திரும்பிப் பார்த்தாள். அறையில் யாருமில்லை. கதவு திறந்து கிடந்தது.

பேட்டரியைப் பிடுங்கி, சட்டத்தை வெறும் விரலாலேயே பிய்த்தாள். கொக்கிகள் உடைந்து தெறித்தன. விரல் கிழிந்து ரத்தம் வந்தது. ஸ்கிரீனைத் தனியே எடுத்து, கொல்லையில் முந்திரி மரத்தடியில் கவிழ்த்துப் போட்டுவிட்டு வந்தாள். மழை அதன் மேல் சடசடவென்று விழுந்தது. அதற்குப் பிறகு அவள் வாயே திறக்கவில்லை. பேசவும் ஆளில்லை.

பொழுது சாயும் நேரத்தில் போனுக்கு மெயில் வந்தது. வேலை கிடைத்துவிட்டது. இரண்டு தடவை படித்தாள். சந்தோஷமாக இருக்கலாமா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அடுப்பைப் பற்றவைத்து டீக்குத் தண்ணீர் வைத்தாள்.

தங்கமுத்து வந்தான். கொல்லைக் குழாயில் கால் கழுவிக்கொண்டே குரல் கொடுத்தான்.

“என்ன சுடரு, என்ன சொன்னாங்க?”

பதில் சொல்ல அவள் அடுப்படியிலிருந்து திரும்பினாள்.

“கெடச்சிருச்சுங்க,” என்றது உள்ளறை. “திங்கக்கெழம சேரச் சொல்லிட்டாங்க. இங்கிட்டு வாங்களேன், காட்டுறேன்.”

அவன் சிரித்தான். “இரு, வாரேன்.”

துண்டால் காலைத் துடைத்துக்கொண்டு அடுப்படியைக் கடந்து, அவளைப் பார்க்காமலேயே உள்ளறைப் பக்கம் நடந்தான்.

சுடர்விழி ஓடிப்போய் அடுப்படி வாசலைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சிலிருந்த மூச்சையெல்லாம் சேர்த்து, “ஏங்க” என்று கத்தினாள்.

வாய் திறந்துதான் இருந்தது. சத்தம் உள்ளறையிலிருந்து வந்தது.